கோர்வை ஹெலிகாப்டர்

உலகத்தில் ஹெலிகாப்டர் ஓட்டத் தெரியாதவர்கள் பல கோடிப் பேர் உண்டு. அடியேனும் அதில் சேர்த்தி. ஓட்டத் தெரிந்தவர்களும் கொஞ்சம் பேர் இருப்பார்கள். ஆனால் ஹெலிகாப்டரின் இடது பாதியை மட்டும் பிரமாதமாக ஓட்டத் தெரிந்த ஒரே மனிதர் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், எங்கள் பழைய தெருவில்தான் இருக்கிறார். வலது பாதி அவருக்குச் சுத்தமாக வராது. அது அவர் மனைவியின் இலாகா. நான் கதை விடுவதாக நினைப்பவர்கள் அந்தத் தெருவுக்குப் போய் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். அவர்கள் என்னைவிட அதிகமாகக் கதை விடுவார்கள்.

தெருவில் எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். ஒரு தடவை ஏதோ விண்ணப்பம் அடித்துத் தரச் சொல்லி என் கடைக்கு வந்தவரிடம், "பேரு சொல்லுங்க நைனா" என்றேன். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். "இரு தம்பி, சரசக் கேட்டுக்கினு வரேன்" என்று மனைவியைக் கேட்கப் போனவர் அன்று திரும்பவில்லை.

அப்போது நான் அவர் வீட்டுக்கு எதிரே ஒரு டிடிபி கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து, கோயில் நோட்டீஸ் எல்லாம் அடிப்பேன். அதனால் நைனாவுக்கு நான் 'டிடிபி தம்பி'. என் சொந்தப் பெயரும் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நைனா கோர்வைப் புடவை நெய்கிறவர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இழைக்கு இழை கோத்து நெய்வதுதான் கோர்வை. அதை ஒற்றை ஆள் நெய்ய முடியாது. தறியில் உட்காருகிறவர் இடப்பக்கக் கரையையும் நடுவையும் பார்த்துக்கொள்வார். வலப்பக்கக் கரைக்குத் தனியாக ஒரு நாடா, அதாவது குறுக்கு நூல் சுற்றிய ஓடம். அதை எறிய வலப்பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். நைனாவுக்கு அந்த ஆள் அவர் மனைவி சரஸ்வதி, எங்களுக்கெல்லாம் சரசக்கா. இருபத்தாறு வருஷம் அவர் இடம், அக்கா வலம் என்று உட்கார்ந்து உட்கார்ந்து, அந்தப் பழக்கம் தறியைவிட்டு எழுந்து வீடெல்லாம் நடமாட ஆரம்பித்துவிட்டது.

மொபெட்டில் போகும்போது இடப்பக்கம் திரும்பினால் நைனா கை காட்டுவார். வலப்பக்கம் என்றால் பின்னால் உட்கார்ந்திருக்கும் அக்காதான் காட்ட வேண்டும். அக்கா இல்லாமல் தனியாகப் போகிற நாட்களில் நைனா வலப்பக்கம் திரும்பவே மாட்டார். மார்க்கெட்டுக்குப் போக மூன்று இடது திரும்பி ஊரைச் சுற்றி வருவார். போன் வந்தால் 'ஹலோ' சொல்வது நைனா, பேசுவது அக்கா. பக்கத்து வீட்டோடு சண்டை என்றால் திட்டை ஆரம்பிப்பது நைனா, முடிப்பது அக்கா. காரமான சொற்களெல்லாம் கடைசியில்தான் வரும் என்பதால் பக்கத்து வீட்டார் அக்காவுக்குத்தான் பயப்பட்டார்கள்.

அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம் உண்டு. கோர்வையில் கரையும் உடலும் சேருகிற இடத்தில் இழை பிசகினால் யாரால் பிசகியது என்று கேட்கக் கூடாது. இரண்டு பேரும் சேர்ந்து பிரித்து, சேர்ந்து கோக்க வேண்டும். "இருபத்தாறு வருசத்துல 'உன் பக்கம் தப்பு'ன்னு ஒரு நாளு சொன்னதில்ல தம்பி. சொன்னா அன்னிக்கே தறி நின்னுடும்" என்பார் நைனா. ஏதோ பெரிய தத்துவம் சொன்ன மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார். இடது மீசையை மட்டும்.

இப்படிப்பட்டவர் ஹெலிகாப்டருக்கு வந்தது செல்லியம்மனால்.

எங்கள் தெருக்கோடியில் செல்லியம்மன் கோயில். அதற்குக் கும்பாபிஷேகம் என்று முடிவாகி, தெருவில் வீட்டுக்கு ஓர் உபயம் பிரித்துக் கொடுத்தார்கள். பந்தல் ஒரு வீடு, மேளம் ஒரு வீடு, மோர் ஒரு வீடு. விழாவன்று ஒவ்வொரு உபயத்துக்கும் மைக்கில் பெயர் வாசிப்பார்கள். எங்கள் தெருவில் அதற்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கும் கிடையாது. நைனா வீட்டுக்கு மட்டும் ஒன்றும் தரவில்லை. தராததற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின ஆடி மாதம் கூழ் ஊற்றும் வேலையைக் கேட்டு வாங்கியவர், தறி மிதியைக் கொண்டுபோய்க் கூழ் அண்டாவோடு கட்டி, மிதித்தால் ஒரு கரண்டி கூழ் தானாக ஊற்றும்படி ஒரு ஏற்பாடு செய்தார். முதல் மிதியில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது மிதியில் அண்டாவே வந்தது. விழாக் குழுத் தலைவர் அப்போதுதான் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து முன்வரிசையில் நின்றார். வழுக்கைத் தலையிலிருந்து கேழ்வரகுக் கூழ் வழிய அவர் வீட்டுக்குப் போன காட்சியைத் தெரு இன்னும் மறக்கவில்லை. தலைவரும் மறக்கவில்லை.

உபயப் பட்டியல் அடிக்க என்னிடம் வந்தது. சரசக்கா கடைக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார்.

"எல்லாரும் இருக்குறாங்கோ. நம்ப வூடு எங்க தம்பி?"

நான் பிரிண்டரைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"கல்யாணமாயி இந்தத் தெருவுக்கு வந்து இருபத்தாறு வருசம் ஆவுது. மைக்குல ஒரு தடவகூட எங்க வூட்டுப் பேரக் கேட்டதில்ல. ஊருக்கெல்லாம் புடவ நெய்றோம், கோயிலுக்கு ஒரு மோரு ஊத்தக்கூட லாயக்கில்லாமப் போயிட்டமா?" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போய்விட்டார். வாசலில் இடப்பக்கம் நின்றிருந்த நைனாவும் பின்னாலேயே போனார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து நைனா நேராகத் தலைவரிடம் போனார். நானும் பட்டியலில் கையெழுத்து வாங்க அங்கே இருந்தேன்.

"எல்லா உபயமும் போயிடுச்சிபா" என்றார் தலைவர்.

"மேல இருந்து பூத் தூவுறது யாரும் எடுக்கல இல்ல? எங்கியோ ஒரு ஊருல ஹெலிகாப்டருல தூவுறாங்கோ. செல்லுல பாத்தேன். அத நான் எடுத்துக்குறேன்."

"ஹெலிகாப்டரு? நீ?"

"ஆமா."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன். ஆள் ஒழிந்தால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, "சரி, தூவு. கலசத்து மேல பூ வுழுந்தா மைக்குல உன் பேரு. வுழலைன்னா, இந்த ஜென்மத்துல கோயிலு வேலன்னு என் மூஞ்சியில முழிக்கக் கூடாது. பைசல்" என்றார்.

அன்று சாயங்காலமே நோட்டீசில் அந்த வரியைச் சேர்க்க நைனா கடைக்கு வந்தார். வாயாலேயே சொன்னார்: "மாதிரி ஹெலிகாப்டர் மூலம் மலர் தூவப்படும்."

இங்கே என் தரப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 'மாதிரி' என்ற சொல் இல்லாமல் நைனாவால் மூச்சுவிட முடியாது. "டீ மாதிரி குடிக்கலாமா தம்பி" என்பார். "தலவலி மாதிரி இருக்குது" என்பார். "சரசு கோவிச்சிக்கினா மாதிரி கோவிச்சிக்கினா" என்று ஒரு முறை சொன்னார். அதனால் வழக்கம்போல் அந்த 'மாதிரி'யையும் களைந்துவிட்டு, 'ஹெலிகாப்டர் மூலம் மலர் தூவப்படும்' என்று பெரிய எழுத்தில் அடித்தேன். மொழியைத் திருத்திய பெருமிதத்தோடு புரூஃப் கொடுத்தேன். நைனா கவனமாகப் படித்தார், நோட்டீசின் இடது பத்தியை மட்டும். அந்த வரி வலது பத்தியில் இருந்தது. வலது பத்தியைப் படிக்க வேண்டிய அக்கா ரேஷன் கடை வரிசையில் இருந்தார். "சரியா இருக்குது, போடு" என்றார் நைனா. போட்டுவிட்டேன். நோட்டீஸ் சுற்றுவட்டாரத்தில் தாமல், மாகறல் வரைக்கும் போய்ச் சுவரில் ஒட்டியது.

ஹெலிகாப்டர் கூரியரில் வந்தது. அட்டைப் பெட்டியைப் பிரித்தபோது தெருவே கூடிவிட்டது. நீளம் ஒன்றரை முழம். பார்த்ததும் அக்கா, "இதுல யாரு குந்துறது?" என்று கேட்டார்.

"யாரும் குந்த வேணாம். கீழ நின்னுக்கினே ஓட்டலாம். விளையாட்டு சாமான் இல்ல சரசு, நெசமான ஹெலிகாப்டரு மாதிரியே எல்லாம் இருக்குது."

ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது குச்சி ஏற்றி இறக்கும், வாலைத் திருப்பும். வலது குச்சி முன்னே, பின்னே, பக்கவாட்டில் தள்ளும். இரண்டையும் ஒரே நேரத்தில் மயிரிழை மயிரிழையாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் சும்மா இருந்தாலும் வண்டி சாய்ந்துவிடும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதுதான் பெரிய கண்டம் என்று செல்போன் வீடியோவில் ஒருவர் அழாத குறையாகச் சொன்னார். நைனா வீட்டு முற்றத்தில் வைத்து இடது குச்சியை ஏற்றினார். அது ஒரு சாண் எழும்பி, வலப்பக்கமாகவே போய் அம்மிக்கல்லில் முட்டி, இறக்கையை உடைத்துக்கொண்டது. மறு இறக்கை மாட்டினார். மறுபடி அதே அம்மிக்கல்.

"வலது கட்டவிரல ஆட்டணும் நைனா" என்றேன்.

"ஆட்ட வரமாட்டேங்குது தம்பி. அது சரசு பக்கம்" என்றார்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருக்கு வலப்பக்கம் வந்து நின்றார். "தள்ளு" என்றார். வலது குச்சியில் தன் விரலை வைத்தார். ஒரே ரிமோட், இரண்டு பேர். நைனா கழுத்தில் வார், அக்கா கையில் பாதி. "தூக்கறேன்" என்றார் நைனா. "ம்" என்றார் அக்கா. ஹெலிகாப்டர் ஒரு சாண் எழும்பியது. அம்மிக்கல் பக்கம் போகப் பார்த்தது. அக்கா விரலால் லேசாகத் தட்டினார். நின்றது. அந்தரத்தில், முற்றத்து நடுவில், மூன்று விநாடி நின்றது. பிறகு அக்காவுக்குத் தும்மல் வந்ததால் கொடியில் காய்ந்த பாவாடைக்குள் புகுந்தது.

மறுநாளிலிருந்து பயிற்சி. திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் மனை பிரித்துக் கல் நட்ட ஒரு பொட்டல் இருந்தது. விடிந்ததும் அங்கே போவோம், தறியில் உட்காரும் நேரத்துக்குத் திரும்புவோம். என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள். விழும்போது தாங்குவதற்காக ஹெலிகாப்டரின் அடியில் இரண்டு மூங்கில் குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, நாலு முனையிலும் பிங்பாங் பந்து செருகினோம். முதல் நாள் என்ன முறுக்கியும் அது எழும்பவில்லை. மோட்டாரைக் கழற்றி, பேட்டரியை மாற்றி அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டபின் பார்த்தால், அடியில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின.

"புது வண்டியாச்சே. கண்ணு படக் கூடாதுன்னு கட்டுனேன்" என்றார் அக்கா.

பழத்தை எடுத்துவிட்டு மிளகாயை மட்டும் வைத்துக்கொள்வதென்று சமாதானமாயிற்று.

அடுத்த சங்கடம் திசை. வால் நம்மைப் பார்த்து இருக்கிறவரை இடது இடது, வலது வலது. மூக்கு நம் பக்கம் திரும்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். மற்றவர்கள் இதை மாதக்கணக்கில் பழகுவார்களாம். நைனாவும் அக்காவும் அதற்கெல்லாம் மசியவில்லை. ஹெலிகாப்டர் திரும்பினால் இவர்களும் சுற்றி ஓடி அதன் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். நடுவில் ரிமோட்டைப் பிடித்தபடி, கால் மாறாமல் இரண்டு பேரும் பொட்டலைச் சுற்றி ஓடுவதைப் பார்த்து, காலையில் நடக்கப் போகிற ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "இன்னாபா வேண்டுதல்? பிரதட்சணம் வராங்கோ, நடுவுல சாமியக் காணோமே" என்று விசாரித்தார்.

அந்தப் பொட்டலில் இறக்கை படாத மனைக்கல் கிடையாது. ஆனால் ஒரு மாதத்தில் தேறிவிட்டார்கள். "தூக்கறேன்", "ம்", "திருப்பறேன்", "ம்ம்", அவ்வளவுதான் பேச்சு. தறியில் இருப்பதுபோலவே கைக்குக் கை தெரிந்தது. வண்டி தலைக்கு மேல் ஆடாமல் நிற்க ஆரம்பித்தது. பூத் தூவுவதற்கு ஒரு பட்டுத் துணிப் பை தைத்து அடியில் கட்டினார்கள். அதன் வாயைச் சுருக்கு முடிச்சுப் போட்டுக் கட்டி, நீளமாக ஒரு பட்டு நூல் விடுவார் அக்கா. கீழே நின்று அந்த நூலை இழுத்தால் முடிச்சு அவிழ்ந்து பூ கொட்டும். இழுப்பது என் பொறுப்பு. மூன்றாவது நாடாவுக்கு ஆள் கிடைத்துவிட்டதாக நைனா என்னைப் பாராட்டினார்.

விழாவுக்கு நாலு நாள் இருக்கையில், அக்கா வீட்டில் இல்லாத நேரத்தில், மாகறலிலிருந்து ஒருவர் நைனாவுக்கு போன் செய்தார். ஹெலிகாப்டர் எந்த இடத்தில் இறங்கும், இரண்டு டிராக்டரில் ஆட்கள் வருகிறார்கள், பைலட்டுக்கு மாலை போடலாமா என்று கேட்டார். நைனா நோட்டீசைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு ஓடிவந்தார். முதல்முறையாக வலது பத்தியைப் படித்தார்.

"தம்பி, 'மாதிரி' எங்க?"

"நீங்க எப்பவும் சொல்ற மாதிரின்னு நெனச்சி எடுத்துட்டேன் நைனா" என்றேன். கோபித்திருந்தால்கூடத் தேவலை. நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஊரே திரண்டு வந்து ஒன்றரை முழப் பொம்மையைப் பார்த்துச் சிரிக்கப்போகிறது, அக்கா கேட்க ஆசைப்பட்ட பெயரை ஊர் வேறு விதமாகச் சொல்லப்போகிறது. அந்தப் பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

மறுநாள் பொட்டலில் நைனாவின் கவனமெல்லாம் அந்த இரண்டு டிராக்டரிலேயே இருந்தது. ஹெலிகாப்டர் ஆடியது. அக்கா "ம்" சொல்வதற்குள் அவர் தூக்கிவிட்டார். வண்டி சாய்ந்து ஒரு மனைக்கல்லில் மோதி வாலை மடக்கிக்கொண்டு விழுந்தது. நைனா அதைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "உன் பக்கம்தான் தப்பு."

அக்கா குச்சியிலிருந்து விரலை எடுத்தார். முந்தானையை உதறினார். ரோட்டுக்கு நடந்து, தாமல் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நைனா சொன்ன மாதிரியே அன்றைக்கே தறி நின்றது.

வாலைச் சரிசெய்துவிட்டார். மனைவியைச் சரிசெய்ய அவருக்குத் தெரியவில்லை. போன் போடுவார். அந்தப் பக்கம் எடுத்ததும் "ஹலோ" என்பார். அதற்கு மேல் பேசுவது அக்காவின் இலாகா ஆயிற்றே. அக்காவும் பேச மாட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் காதில் போனை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். "இன்னா சொன்னாங்க நைனா?" என்று கேட்டால், "மூச்சுவுடுறது கேக்குது" என்பார்.

சரி, வலது பக்கம் நான் நிற்கிறேன் என்று ஒரு நாள் முயன்று பார்த்தேன். ஹெலிகாப்டர் என்னைத் துரத்தியது. மிகைப்படுத்தவில்லை. நான் ஓடிய பக்கமெல்லாம் வந்தது. ஏனென்றால் ரிமோட்டின் வலது குச்சியைப் பிடித்தபடியே நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

கும்பாபிஷேகத்தன்று காலை தெருவில் எள் போட்டால் எள் விழாது. டிராக்டர், ஷேர் ஆட்டோ, மினி லாரி என்று ஜனம் வந்து இறங்கியது. யாரும் கோயிலைப் பார்க்கவில்லை, எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். மாகறல்காரர் மாலையோடு பைலட்டைத் தேடிக்கொண்டிருந்தார். நைனா கோயிலுக்கு எதிரே மேடையோரத்தில் ஹெலிகாப்டரை வைத்து, பையில் ரோஜா இதழ்களை நிரப்பி, வாயைத் தானே கட்டினார். வலப்பக்கம் காலியாக இருந்தது.

அதைப் பார்த்துக் கூட்டத்தில் முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு பத்துப் பேர். "இதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்" என்று ஒருவர் ஆரம்பிக்க, கலாட்டா ஆகிவிட்டது. கோயில் விமானத்தின்மேல் குருக்களுக்குப் பக்கத்தில் குடத்தோடு நின்றிருந்த தலைவர் கீழே எட்டிப் பார்த்து, கையில் இருந்த மைக்கில் கத்தினார்: "நோட்டீஸுல இப்பிடிப் போட்டது யாரு? சொல்லிட்டு மறுவேல பாருங்கோ."

நான் கடை ஷட்டர் எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். நூறு பேர் நடுவில் நின்றார்கள். வாயைத் திறக்கலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. அதற்குள் நைனா மேடையில் ஏறி, கீழே இருந்த இன்னொரு மைக்கை எடுத்துவிட்டார். முதல் இரண்டு வார்த்தை கரகரவென்று போயிற்று. அதன்பிறகுதான் தெரு முழுக்கக் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களில் தெளிவாகக் கேட்டது:

"...தப்பு என் பக்கம்தான். அவங்க பக்கம் ஒண்ணும் இல்ல. யாரும் அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்கோ."

அவங்க என்றது என்னைத்தான். வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அந்த நேரத்தில் தெருமுனையில் தாமல் ஷேர் ஆட்டோவிலிருந்து சரசக்கா இறங்கிக்கொண்டிருந்தார். கோயிலுக்குத்தான் வந்தாராம், வேறு யாரையும் பார்க்க வரவில்லையாம். நோட்டீஸ் கலாட்டா எதுவும் அவருக்குத் தெரியாது. தலைக்கு மேல் இருந்த ஸ்பீக்கரில் அவர் கேட்டது அந்த வார்த்தைகளை மட்டும்தான். கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு வந்தார். நைனாவுக்கு வலப்பக்கம் வந்து நின்றார்.

"தள்ளு" என்றார்.

நைனா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவார் என்று தெரிந்தது. ஹெலிகாப்டரைப் பார்த்தபடியே, "தூக்கறேன்" என்றார்.

"ம்."

ஹெலிகாப்டர் எழும்பியது. பந்தலைத் தாண்டியது. ஆடாமல் அசங்காமல் விமானத்துக்கு மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றியது. கும்பாபிஷேகம் என்றால் கருடன் வந்து வட்டமிடும் என்று ஜனம் எதிர்பார்ப்பது வழக்கம். பின்வரிசையில் நின்ற யாரோ ஒருவர், கண் தெரியாதவரா அல்லது கண் ரொம்பத் தெரிந்தவரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, "கருடன் வந்துட்டாரு" என்று கைகூப்பினார். அவ்வளவுதான். சிரித்துக்கொண்டிருந்த வாயெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மாகறல்காரர் மாலையை வானத்தை நோக்கி நீட்டினார்.

"இழு தம்பி" என்றார் நைனா.

இழுத்தேன். முடிச்சு அவிழவில்லை. இன்னும் இழுத்தேன். இன்னும் இறுகியது. அப்போதுதான் உறைத்தது. சுருக்குப் போடுவது அக்கா பக்கம். காலையில் அக்கா இல்லாததால் நைனா கட்டியிருக்கிறார், அவருக்குத் தெரிந்த ஒரே முடிச்சை. அறுந்த பாவு இழையை முடிகிற நெசவாளியின் முடிச்சு. புடவை நைந்தாலும் அது அவிழாது. இழுக்க இழுக்க இறுகத்தான் செய்யும்.

"அவுராதுபா, வுட்டுடு" என்றார் அக்கா. நான் பதற்றத்தில் பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். ஹெலிகாப்டரே தலைகுப்புறச் சாய்ந்தது. பையின் வாயோரத் தையல் பிய்ந்து அத்தனை பூவும் ஒரே கொட்டாகக் கொட்டியது. நாலு இதழ் கலசத்தில் விழுந்தது. மிச்சம் முழுக்கத் தலைவரின் வழுக்கைத் தலையில் விழுந்தது. வண்டி அதோடு எங்கேயோ டீக்கடை தகரத்தின்மேல் டமாரென்று இறங்கியது.

தெரு மொத்தமும் தலைவரையே பார்த்தது. ஆடி மாதக் கூழ் எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலைவர் தலையைத் தடவினார். கையில் வந்த ரோஜா இதழைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். திடீரென்று அவருக்கு உதடு துடித்தது.

"அம்மா, என் தலையிலயா போட்ட, தாயி" என்று மைக்கிலேயே அழுதுவிட்டார்.

மேளம் வெடித்தது. குடத்து நீர் கலசத்தில் விழுந்தது. தலைவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, "மலர் தூவல் உபயம்" என்று ஆரம்பித்து நிறுத்தினார். மேலேயிருந்து குனிந்து, "யோவ் நைனா, உன் பேரு இன்னாபா?" என்றார்.

நைனா வழக்கம்போல் வலப்பக்கம் திரும்பினார். பிறகு என்ன தோன்றியதோ, தானே பதில் சொன்னார். "சரஸ்வதி வூட்டுக்காரருன்னு படிங்க தலைவரே, போதும்."

"மலர் தூவல் உபயம், சரஸ்வதி அம்மாள் குடும்பத்தார்" என்று எட்டு ஸ்பீக்கரிலும் கேட்டது. தலைவர் அதை மூன்று முறை வாசித்தார். அக்கா ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ரிமோட்டின் வலது குச்சியை அவர் இன்னும் விடவில்லை.

மறுநாள் கடையைத் திறந்தபோது எதிர்வீட்டில் தறி ஓடுகிற சத்தம் கேட்டது. மத்தியானம் அக்கா ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். போகாமல் நின்றார். கீபோர்டில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தார்.

"தம்பி, நேத்து மைக்குல 'தப்பு என் பக்கம்தான்'னு சொன்னாரு இல்ல. நீ பக்கத்துலதான இருந்த. அது எனக்குத்தான சொன்னாரு?"

பிழை திருத்துவது என் தொழில். அன்றைக்கு ஒன்றைத் திருத்தாமல் விட்டேன்.

"உங்களுக்குத்தான்கா" என்றேன். "வேற யாருக்குச் சொல்லப்போறாரு."